சிராஜ் மாமாவின் சூரியன்

வில்லியனூர்
9-2-1986

அன்பு மகள் மெஹர் நிஷாவுக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் உன் அம்மாவும் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதுபோல நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் அண்டாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. பேரன் பனிக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளையை யாராவது உப்பளத்தில் நிறுத்துவார்களா என்று உன் அம்மா கேட்டாள், அது உப்பு இல்லை பனி என்றால், அப்போ இன்னும் மோசம் என்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி தேவலை. கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறாள், அளவு தெரியாமல் பின்னுவதால் அது பேரனுக்கா மாப்பிள்ளைக்கா என்று முடிந்த பிறகுதான் தெரியும்.

பாரிசில் டெலிவிஷனில் சூரியனைப் பற்றி ஏதோ காட்டினார்கள், சிராஜ் மாமா ஞாபகம் வந்தது, அவர் மெஷின் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டிருந்தாய். ஒரு வரியில் முடிகிற விஷயமா அது. நீ நிக்காஹ் முடிந்து விமானம் ஏறியபோது உன் மாமன் சிராஜுதீன் அதைப் பற்றிப் புத்தகம்தான் படித்துக்கொண்டிருந்தான். நம் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் அவனுடைய ரேடியோ ரிப்பேர் கடை, சிலோன் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் உட்காருவாய், நினைவிருக்கிறதா. அந்தக் கடைக்குள் சூரியனைக் கொண்டுவருகிறேன் என்று அவன் சொன்னபோது நான்கூடச் சிரித்தேன். அணுவைப் பிளந்தால் குண்டு, நான் செய்யப்போவது அது இல்லை, இரண்டு அணுக்களை மோதவிட்டு ஒட்டவைப்பது, சூரியனுக்குள் அதுதான் நடக்கிறது, வெளிநாட்டில் ஒருவர் மேசைமேல் வைக்கிற அளவிலேயே செய்து பார்த்திருக்கிறார் என்று கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கினான். எதையும் ஒளிக்கவில்லை, கடை வாசலிலேயே வைத்து வேலை செய்தான். அதனால்தானோ என்னவோ, சிரித்தவர்களே கொஞ்சம் கொஞ்சமாக உதவிக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவர் நல்லவாட்டு மீனவர் சம்மந்தம். அவருடைய டிரான்சிஸ்டரை உன் மாமன் ஒருமுறை அவசரமாகச் சரிசெய்து கொடுத்தானாம், அன்று புயல் செய்தி கேட்டுத்தான் அவர் கட்டுமரத்தை இறக்காமல் இருந்திருக்கிறார். அந்த நன்றிக்கு, ஒரு ஐஸ் கம்பெனியில் கழித்துப்போட்ட கம்ப்ரசரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி, இதுல காத்த உறிஞ்சலாம்னு சொன்னியே, இந்தா உறிஞ்சு என்றார். லேத் பட்டறை முத்துசாமி, உள்ளே காற்று இல்லாமல் வைப்பதற்கு இரும்புக் கூடு கடைந்து, பார்ப்பதற்குத் தடிமனான கண்ணாடி ஜன்னல் ஒன்றும் பதித்துக் கொடுத்தார். டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வுபெற்ற சூசைநாதன் பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவந்தார், அதோடு கதிர் வெளியே வராமல் தடுக்க ஈயத் தகடும் கொண்டுவந்து, இது இல்லாமல் சுவிட்சைத் தொட்டால் நான் உன் கையை உடைப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒருநாள் பகலில் அந்தக் கண்ணாடி உள்பக்கமாக நொறுங்கியது. உன் மாமன் கன்னத்தில் கீறல், வேறொன்றுமில்லை. ஆனால் அணுகுண்டு வெடித்துவிட்டது என்று பஸ் ஏறி அரியாங்குப்பம் வரைக்கும் செய்தி போய்விட்டது. கடைக்காரர்களில் சிலர் மனு கொடுத்தார்கள், அதிகாரி ஒருவர் வந்தார், எல்லாவற்றையும் பிரித்து எடுங்கள், இங்கே இத்தனை பேர் புழங்குகிறார்கள், யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. உன் மாமன் கன்னத்தில் கட்டோடு நின்றுகொண்டிருந்தான். அப்போது எதிரே கூடை வைத்து மீன் விற்கிற காசம்மாள் எழுந்து வந்தாள். சார், அந்த பொட்டிக்கு நேர் எதிர்ல காலைல இருந்து பொழுது போற வரைக்கும் நான்தான் குந்திக்கினு இருக்கேன், வெடிச்சா மொதல்ல நான்தான் போவேன், எனக்கே இல்லாத பயம் உங்களுக்கு இன்னாத்துக்கு என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது, அதிகாரியும் சிரித்துவிட்டார். சூசைநாதன் முன்னால் வந்து, நான் எக்ஸ்ரேயில் வேலை பார்த்தவன், கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன், தகடு இல்லாமல் ஓட்டவிடமாட்டேன் என்று எழுத்தில் கொடுத்தார். மனு கொடுத்த மளிகைக்காரரே அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அப்படித் தப்பியது மெஷின்.

கடைசியில் எல்லாம் பொருத்திய பிறகு கரண்ட் போதவில்லை. நம் தெருவில் வோல்டேஜ் எப்படி என்று உனக்குத் தெரியும், குண்டு பல்பு கோவைப்பழம் போல எரியும். ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம், மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன், கடைத்தெரு முழுக்க இருட்டு. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லையம்மா. ரைஸ் மில்லை நிறுத்திவிட்டார்கள், டீக்கடை, துணிக்கடை, மருந்துக்கடை எல்லாரும் அவரவர் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலில் நிற்கிறார்கள், சிராஜுக்குக் கரண்ட் முழுசாகப் போகட்டும் என்று. நானும் ஓடிப்போய் நம் கடை விளக்கை அணைத்தேன். உள்ளே கம்ப்ரசர் உறுமியது, பிறகு முத்துசாமி புதிதாகப் பதித்த கண்ணாடி ஜன்னலில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் தோன்றி, சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு சின்ன உருண்டையாக நின்றது. சூசைநாதன் கோடு கிழித்த இடத்தில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், காசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது மெஹர், நீ பார்க்கவில்லையே என்று அப்போதே நினைத்தேன்.

எல்லாரும் பார்த்து முடித்ததும் உன் மாமன் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தான். சூரியன் வந்துவிட்டது என்று அவன் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். அவனோ, நீங்க பாத்தது வெளிச்சம்தான், சூரியன் இல்ல, அணு ஒட்டல, அதுக்குக் கனமான ஹைட்ரஜன்னு ஒண்ணு வேணும், அது கெவர்மெண்டுகிட்டதான் இருக்குது என்றான். எனக்குத் திக்கென்றது, இவ்வளவு பேர் உழைத்துக் கொடுத்திருக்கிறார்களே என்று. சம்மந்தம்தான் சொன்னார், அப்போ கெவர்மெண்ட கேட்டுடுவோம் பா, கேக்கறதுக்கு இன்னா வெக்கம் என்று. ஊரே கையெழுத்தும் கைநாட்டும் வைத்து பம்பாயில் இருக்கிற அணுசக்தி ஆபீசுக்கு விண்ணப்பம் போனது.

பதில் வர வெகுநாள் ஆனது, போன மழைக்காலத்தில்தான் வந்தது. முயற்சியைப் பாராட்டுகிறோம், ஆனால் அந்தப் பொருளைத் தனியாருக்குக் கொடுக்க விதியில்லை என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். உன் மாமன் அதைக் கடைவாசலில் நின்று எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான், கதவைச் சாத்தினான், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு கடையே திறக்கவில்லை. உன் அம்மா சோறு கொண்டுபோவாள், திருப்பிக் கொண்டுவருவாள். உனக்கு அப்போது எழுதவேண்டாம், பிள்ளை அங்கே தனியாகக் கவலைப்படும் என்று நான்தான் தடுத்தேன்.

பிறகு ஜனங்கள் ரேடியோக்களைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். முத்துசாமி ஒன்று, ரைஸ் மில்காரர் ஒன்று, டீக்கடையிலிருந்து ஒன்று. அவன் எழுந்திருக்கவில்லை, வைத்துவிட்டுப் போகச் சொன்னான். ஒருநாள் காசம்மாள் வந்தாள், நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவள் வீட்டில் ரேடியோவே கிடையாது. யாரிடமோ இரவல் வாங்கி, முந்தானையில் சுற்றி எடுத்துவந்து அவன் தலைமாட்டில் வைத்தாள். பாடவே மாட்டேங்குது தம்பி என்றாள். அவன் அலுப்போடு கையை நீட்டித் திருகினான், பாட்டு கணீரென்று வந்தது. அவன் அவளைப் பார்த்தான். எழுந்துபோய் முத்துசாமியுடையதைத் திருகினான், அதுவும் பாடியது. மில்காரருடையது பாடியது, டீக்கடைக்காரருடையது பாடியது. ஒன்றுகூடக் கெட்டுப்போனது இல்லை. காசம்மாள் கொஞ்சமும் அசராமல், உன்ன பாத்ததும் பாடுது, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன் என்றாள். உன் மாமன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான், அழுதுகொண்டே சிரித்தான், சட்டையை மாட்டிக்கொண்டு எல்லா ரேடியோவையும் நாங்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாகத் தூக்கிவர, போய்க் கடையைத் திறந்தான்.

மெஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவனுக்குத் தனியாக நாலு வரி எழுது, அதைப் பற்றிக் கேட்கத் தயங்காதே, பேச ஆரம்பித்துவிட்டான். பேரனுக்குத் தமிழ் பேசிக் காட்டு, மறந்துவிடப்போகிறான். மாப்பிள்ளைக்கு என் ஸலாம். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் குறையாத பரக்கத்தோடும் இருக்க அல்லாஹ் துணை நிற்பானாக. கம்பளிச் சட்டை தனிப் பார்சலில் வரும், பெரிதாக இருந்தால் சொல்லாதே, உன் அம்மா வருத்தப்படுவாள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அத்தா
ஷேக் மைதீன்