பெயர்க்கல்லுக்குக் கேட்ட மன்னிப்பு

இன்று காலை, கொழும்பின் காலி வீதியில் உம்முடைய முகத்தைக் கண்டேன். நாம் வகுப்பெடுத்த ரியூட்டரி இருக்கும் கட்டடத்தில், சேலைக் கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே ஒரு பெனர் கட்டியிருக்கிறார்கள். கடற்காற்று அதை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. நீர் வலது மூலையில், அடையாள அட்டைப் படத்தின் அளவில் இருந்தீர். அப்போது மாநகர சபை உறுப்பினராக இருந்த அவர் நடுவில், கதவளவு உயரத்தில் கைகூப்பி நின்றார். விவரம் தெரியாத யாராவது பார்த்தால் இறந்துபோனது அவர் என்றுதான் நினைப்பார்கள். அந்த எண்ணம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நிகழ்ச்சி போன ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டது. பெனரைக் கழற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. நீர் இறந்து ஒரு வருடம் ஆனதை முன்னிட்டு, 'சினிமா வழியாக அரசியல்' என்று உமது பெயரில் ஒரு வகுப்பைத் தொடக்கிவைத்தார்கள். இதை உமக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டுச் சரியான இடத்தில் சிரிக்கக்கூடிய ஆள் வேறு யாரும் எனக்கு இல்லை.

நீர் முதன்முதலாக அந்தப் பழைய புரொஜெக்டரை இடுப்பில் அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தது நினைவிருக்கிறதா? உயர்தரச் சோதனைப் பிள்ளைகளுக்கு நான் தமிழ் இலக்கியம், நீர் அரசியல் விஞ்ஞானம். என் வகுப்பு முடிய உமது வகுப்பு. உம்மைப் பார்த்ததும் எனக்கு வந்தது சுத்தமான இளக்காரம். அரசியலமைப்பைப் படிப்பிக்கத் தமிழ்ப் படம். அதுவும் எப்படிப்பட்ட படம்? லொறிச் சாரதி ஒருவன் இடைத்தேர்தலில் வெல்கிறான், செயலகத்தின் கதவை உதைத்துத் திறக்கிறான், கோப்புகளைக் கிழித்து எறிகிறான், பொழுதுபட முன்னரே கிராமத்துக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது.

"புத்தகம் இருக்கேக்க இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"புத்தகத்தைப் பிள்ளையள் பாடமாக்குவினம். படத்தை நம்புவினம்," என்றீர். "நம்பினதைத்தானே உடைக்கலாம்."

அதற்கு முந்தின மாதம் நீர் வைத்த சோதனையில், கொழும்பு மாவட்டத்தின் தலைமை நிர்வாகி 'கலெக்டர்' என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். 'எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.' என்று தொடங்கி ஒருத்தி ஒரு பக்கம் நிறைத்திருந்தாள். இலங்கையில் கலெக்டரும் இல்லை, எம்.எல்.ஏ.யும் இல்லை. இருப்பவர்கள் அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், கிராம சேவகர். பாவம், அவர்களுக்கென்று யாரும் அறிமுகப் பாட்டு வைத்ததில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு சட்டசபையில் எந்தக் கட்சி எந்தப் பக்கம் உட்காரும் என்று கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குத் தெரியும். தன் வீட்டு வாசலில் கிடக்கும் குப்பையை எடுக்கவேண்டியது யார் என்று தெரியாது. நான் அந்த விடைத்தாள்களை வாசித்து எள்ளி நகையாடினேன். உமக்கு அவர்கள்மேல் ஒருபோதும் இளக்காரம் வரவில்லை. அந்த வேலை முழுவதையும் என்னிடமே விட்டுவிட்டீர்.

எனக்குப் பஸ் வர நேரமிருந்தது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன். கதவு உடைந்ததும் படத்தை நிறுத்தினீர்.

"சரி. இப்ப இவர் தண்ணி குடுக்கச் சொல்லிப்போட்டார். எந்த அதிகாரத்தில?"

"ஹீரோ, மிஸ்," என்றான் ஒருவன். "அதுதான் அதிகாரம்."

"வில்லன் வெண்டிருந்தால்?"

"அவரும் உதைப்பார், மிஸ்."

"ரெண்டு பேரும் மாறி மாறி உதைச்சால் கதவுக்கு என்ன நடக்கும்?"

"புதுக் கதவுக்கு டெண்டர் போடுவாங்க மிஸ். டெண்டர் மச்சானுக்குப் போகும்," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்த பெண்.

வகுப்பு சிரித்து அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. அவள்தான் ஷாமினி. கொச்சிக்கடைப் பிள்ளை, தகப்பனுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. அவள் பதிலை நீர் கரும்பலகையில் எழுதி, அதன் கீழ், டெண்டருக்குரிய அரசாங்கத் தமிழில், 'கேள்வி மனுக் கோரல் நடைமுறை' என்று தலைப்பிட்டு அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கினீர். நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

படங்களின் கடைசிக் காட்சியை நீர் காட்டுவதே இல்லை. பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "அதை வீட்ட போய்ப் பாருங்கோ. இஞ்ச அந்தத் தண்ணி எப்பிடி வரும், ஆர் ஆரிட்டப் போகவேணும் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ," என்பீர். அப்படி ஒரு கிழமை கொடுத்த வீட்டுவேலைதான், அவரவர் வீடு இருக்கும் ஒழுங்கைக்குப் பொறுப்பு யார் என்று விசாரித்து வருவது.

ஷாமினியின் ஒழுங்கைக்குப் புதிதாகக் கொங்கிறீற் போட்டிருந்தார்கள். ஒழுங்கை முகப்பில் கறுப்புக் கல் ஒன்று; அதில் பொன்னெழுத்தில் அந்த மாநகர சபை உறுப்பினரின் பெயர், அவருடைய நிதியில் அமைக்கப்பட்டது என்ற வாசகத்தோடு. நம் ஊரில் பஸ் தரிப்பிடத்துக்கும் மலசலகூடத்துக்கும்கூட இப்படிக் கல் நடுவது வழக்கம், யாரும் நின்று வாசிப்பதில்லை. அவள் வாசித்தாள். வாசித்துவிட்டு அவருடைய அலுவலகத்துக்கே போய், சனங்கள் சூழ்ந்திருக்கக் கேட்டாள். அவள் எப்படிக் கேட்டாள் என்பதை நீர் எனக்கு நடித்தே காட்டினீர்:

"சேர், இந்த ரோட்டுக்கு நீங்க உங்கட சொந்தக் காசு போட்டீங்களா, இல்லாட்டி சபைச் சல்லியா? ஹோம்வேர்க்குக்கு மிஸ் கேட்டாங்க."

அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ரியூட்டரி உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னார். உரிமையாளர், எல்லோரும் 'சேர்' என்றே அழைக்கும் அந்தப் பயந்த மனிதர், படியில் உம்மை மறித்துக்கொண்டு நின்றார். "மிஸ், அந்தாள் நினைச்சால் நாளைக்கே பில்டிங்கில பிழை பிடிப்பான். போய் ஒரு சொரி சொல்லிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி இந்த ஞாயிறோட உங்கட வகுப்பு முடிஞ்சுது."

நீர் போகமாட்டீர் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு பெருமையும்பட்டேன். அடுத்த நாள் நீர் என்னையும் கூட்டிக்கொண்டு திரீவீலரில் ஏறி, கொட்டாஞ்சேனையில் அவருடைய அலுவலகத்துக்கு விடச் சொன்னீர்.

அவருடைய படங்களின் கீழே காத்திருந்தோம். தேர்தல் படம், தேர் இழுக்கும் படம், தேவாலயத்தில் மெழுகுதிரியோடு ஒரு படம். கூப்பிட்டபோது அவர் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே கதைத்தார். "டீச்சர், பிள்ளையளுக்குப் பாடத்தைப் படிப்பியுங்கோ. அரசியலை எங்களிட்ட விடுங்கோ."

"ஓம் சேர். பிழையா விளங்கியிருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றீர்.

அவ்வளவுதான். அவர் குளிர்ந்துபோனார். இரண்டு சோடா வரவழைத்தார். நீர் உமது சோடாவைக் கடைசி மிடறுவரை குடித்தீர். நான் என்னுடையதைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் வீதியோரத்திலேயே சண்டை பிடித்தேன்.

"உமக்கு வெக்கமில்லையா?"

"இருக்கு."

"பிறகேன் கேட்டனீர்?"

"எக்ஸாம் வருது. என்ர மானம் சிலபஸில இல்லை."

"ஷாமினிக்கு என்ன சொல்லப் போறீர்?"

"நடந்ததைச் சொல்லுவன். வேற என்னத்தைச் சொல்லுறது?"

சொன்னீர். அந்த ஞாயிறு புரொஜெக்டரைப் போட முன்னர், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த கதையைக் கூட்டாமல் குறைக்காமல் வகுப்புக்குச் சொன்னீர். பிறகு, ஒரு மாநகர சபை உறுப்பினருக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் எது, பயம் கொடுத்த அதிகாரம் எது என்று பிரித்து எழுதச் சொன்னீர். நான் வாசலில் நின்று கேட்டேன். பட்ட அவமானத்தையும் வினாத்தாளாக்கும் ஒரு மனுஷியை என்னால் மதிக்க முடியவில்லை. எல்லோரும் எழுதினார்கள். ஷாமினி பேனையைத் திறக்கவே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னதும் நீர்தான். சொல்லிவிட்டுத் தேநீரோடு வாங்கிய ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டே இருந்தீர், வாயில் வைக்கவில்லை. அன்று நான் உமக்கு ஆறுதல் சொல்லவில்லை. இன்றும் சொல்லமாட்டேன்.

வகுப்பு சோதனைவரை நடந்தது. அதற்கடுத்த மழையில் உமக்கு டெங்கு வந்தது. உமது ஒழுங்கையின் கழிவுநீர்க் கான் மாதக்கணக்காக அடைத்துக் கிடந்தது. அதற்குக் கல் நட யாரும் முன்வரவில்லை. அவர் பெரிய மலர்வளையம் அனுப்பினார். அதில் அவருடைய பெயர் இருந்த நாடா உம்முடைய காலிலிருந்து இடுப்புவரை கிடந்தது.

இப்போது அவர் ஓர் அமைச்சரின் இணைப்புச் செயலாளர். எதை எதோடு இணைக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நிகழ்ச்சிகளுக்குப் பிந்தி வருவதற்கு அந்தப் பதவி போதுமாக இருக்கிறது. போன ஞாயிறும் பிந்தித்தான் வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"டீச்சர் எனக்குத் தங்கச்சி மாதிரி. ஒருக்கா ஒரு சின்னப் பிழை விட்டிட்டு என்ர ஒஃபிசுக்கு வந்து அழுதவ. நான் சொன்னன், தங்கச்சி, அழாதீங்கோ, வகுப்பை நடத்துங்கோ, அண்ணன் இருக்கிறன் எண்டு. அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லாட்டி இண்டைக்கு இந்த வகுப்பு இல்லை."

நீர் அழவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் மண்டபம் கை தட்டியது. உம்முடைய சொந்தக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதரின் பொய்யில் எனக்கு வியப்பில்லை, அது அவருக்குத் தொழில். அதைக் கட்ட அவருக்கு ஒரு கல் வேண்டியிருந்தது. அந்தக் கல்லை நீர் எடுத்துக் கொடுத்தீர், ஒரு சோடாவைக் குடித்துக்கொண்டு.

பிறகு புதிய புரொஜெக்டரைக் கையளித்தார். பக்கவாட்டில் அவருடைய பெயர் ஒட்டியிருந்தது. உமது லொறிச் சாரதிப் படத்தையே போட்டார்கள், முழுவதும். அதன் முடிவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தண்ணீர் வந்தது. நாயகன் நனைந்தான். ஊர் ஆடியது. குழாய் போட்டவர்களை யாரும் காட்டவில்லை. பின்வரிசையில் விசில் அடித்தார்கள், முன்வரிசையில் அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். தன்னைப் பற்றிய படம் என்று நினைத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் உரிமையாளர் என்னைப் படியில் பிடித்தார். "மிஸ், இனி இதை நீங்கதான் எடுக்கவேணும். இல்லாட்டி கொமர்ஸ் எடுக்கிற தம்பியைப் போடுறன். அவர் படத்தைப் போட்டிட்டு நோட்ஸ் குடுத்திடுவார். பிரச்சினையில்லாத ஆள்."

மறுப்பை நான் முன்னரே தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வசனங்கள், இலக்கியம் படித்தவள் எழுதிய வசனங்கள். அவற்றில் முதலாவதைத் தொடங்கும்போது புதிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எங்களைத் தாண்டி இறங்கப் பார்த்தார்கள். ஒருத்தி நின்றாள்.

"மிஸ், கொழும்புக்கு இப்ப ஆர் கலெக்டர்? எக்ஸாமுக்குப் பேர் கேப்பாங்களா?"

"நியூஸில வாறாரே, கண்ணாடி போட்ட ஆள். அவர்தான்டி," என்றாள் மற்றவள்.

அவர்கள் பகிடி விடவில்லை. கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கொமர்ஸ் தம்பி கண்ணாடி போட்ட ஆளின் பெயரைக்கூடத் தேடிப்பிடித்துக் கொடுத்திருப்பான்.

"எடுக்கிறன்," என்றேன் உரிமையாளரிடம்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப வாங்கோ, அவருக்கு ஒரு தாங்க்ஸ் சொல்லிப்போட்டு வருவம். வாகனத்திலதான் இருக்கிறார்."

போனேன். அவர் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கினார். நன்றி சொன்னேன். "இப்பிடித்தான் ஒத்துப் போகவேணும்," என்றார். "ஓம் சேர்," என்றேன். கண்ணாடி ஏறியது.

வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஒழுங்கையால் கடற்கரைக்கு இறங்கி, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். கல்கிசைப் பக்கம் போகும் ரயில் சனம் தொங்கத் தொங்கப் போனது. நீர் கேட்ட மன்னிப்பு பிழை என்று மனதுக்குள் உமக்குச் சொன்னேன். வகுப்பு இருந்ததே என்றீர். பொய்யனுக்கு மேடை கிடைத்ததே என்றேன். பொய்யனுக்கு மேடை எப்படியும் கிடைக்கும், பிள்ளைகளுக்குத்தான் கிடைக்காது என்றீர். ஷாமினி பேனையைத் திறக்கவில்லையே என்றேன். நீர் ரோல்ஸைப் பிய்க்கத் தொடங்கினீர். உயிரோடு இருந்தபோதும் அந்த இடத்தில் அதைத்தான் செய்தீர்.

உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சண்டைதான். வேறு எதையும் நான் பத்திரப்படுத்தவில்லை. முன்பு என் பக்கத்தை மட்டும் பேசினால் போதுமாக இருந்தது. இப்போது இரண்டு பக்கத்தையும் நானே பேசவேண்டியிருக்கிறது, உமது பக்கமும் எனக்குச் சரளமாக வருவதுதான் எரிச்சல். கிழமை நாட்களில் பெரும்பாலும் நான்தான் வெல்கிறேன்.

நாளை ஞாயிறு. வகுப்பு நாள்.