சண்டைக்குப் பின் வரும் பட்டு

என் வாயாடி அக்கா செல்விக்கு,

கல்லூரியில் ஒரு விளம்பரத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முன்னுரையைக் குட்டிக் கதையோடு ஆரம்பிக்க வேண்டுமாம். படிக்கிறவர் கதைக்குள் நுழைந்து, வெளியே வரும்போது விளம்பரத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டுமாம். உனக்கென்றால் ஊதித் தள்ளிவிடும் வேலை.

நான் எடுத்தது எது தெரியுமா? செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் இருக்கும் பட்டுக்கடை போர்டு. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். கணவன் புடவைப் பெட்டியைத் திறக்கிறான். அடுத்த படத்தில் அவளுக்கு வாயெல்லாம் பல். கீழே, "கோபமா? ஒரு பட்டு போதும்!" பார்க்கும்போதெல்லாம் கல்லெடுத்து அடிக்கத் தோன்றுகிறது.

முதலில் ஏதோ ராஜா ராணி கதை எழுதினேன். மிஸ் உதட்டைப் பிதுக்கினார். "கதை நல்லாத்தான் இருக்குதுமா. ஆனா போர்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உன் கதையை எழுதினேன்.

உன் புருஷன் உன் பல்லை உடைத்தான், பட்டு கொண்டுவந்தான். கையை முறுக்கி ஒடித்தான், பட்டு கொண்டுவந்தான். நம் தறிக்கார வீடுகளில் அதற்கு ஒரு முறை வேறு. நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தால், அவன் வெற்றிலை பாக்கோடு புடவையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் முன்னால் நீட்டுவான். நீ தட்டை வாங்கிவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

கடைசித் தடவை நீ அவன் வீட்டுக்குத் திரும்பியதும், தட்டில் வந்த புடவையை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாய். அவன் உன் தலையைச் சுவரில் மோதினான். நீ சுருண்டு விழுந்ததும் அதே புடவையால் கழுத்தை இறுக்கினான். பிணவறையில் உன் தோலில் ஜரிகை பதிந்திருந்ததைப் பார்த்தேன். அவன் கழுத்தை நெரிக்க இன்றைக்கும் என் கை துடிக்கிறது. ஜெயிலில் இருக்கிறான், எனக்கு அது போதவில்லை.

மிஸ் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ரத்தத்த மட்டும் எடுத்துடுமா. செமினார்ல எல்லார் முன்னாடியும் படிக்கணும், பசங்க பயந்துடுவாங்க" என்றார். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த போர்டுதானே, அக்கா?

வீட்டில் அம்மா நெய்துகொண்டிருந்தாள். "இன்னாடி, எழுதிக்கினே கீற?" என்றாள். படித்துக் காட்டினேன். தறி நின்றது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தட்ட அவ வாங்கலடி" என்றாள். "வேணாம்மா, இந்தத் தடவ கொன்னுடுவான்னு கைய பின்னால கட்டிக்கினு நின்னா. நான்தான் கைய இழுத்துத் திணிச்சேன். எல்லாரும் பாக்குறாங்க, வாங்குடின்னேன். நீ அத வுட்டுட்ட. எழுது."

எழுதிவிட்டேன், அக்கா. செமினாருக்கு அம்மாவும் வருகிறாளாம், முன் வரிசையில்தான் உட்காருவாளாம். ஒரு சொட்டு ரத்தமும் குறைக்காமல் படிப்பேன். அம்மா வரியை அவள் முகத்தைப் பார்த்தே படிப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி