கொம்பு ஊதிய பிறகு

இன்று காலை, படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலமாரியைத் திறந்தேன். மெழுகு பூசிய பச்சைக் கோட்டிலிருந்து போன பருவத்தின் மணம் வந்தது. ஈர நாய், வெடிமருந்து, பிளாஸ்கிலிருந்து சிந்திய இஞ்சித் தேத்தண்ணீர், எல்லாம் சேர்ந்த மணம். லண்டன் சட்டனில் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது பிடிக்காது. அதனால்தான் கோட்டுக்கு அந்த மூலை. காட்டுக்கோழி மாதிரியான பெசன்ட் பறவைகளைச் சுடும் பருவம் தொடங்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. என் கூட்டாளி நீர் இல்லாமல் வரும் முதல் பருவம். உமக்குச் சொல்லாமல் சில காரியங்கள் செய்துவிட்டேன். அவற்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உம் தம்பி கனடாவில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போய், அதைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தை வருடா வருடம் அனுப்புவான். "எங்களுக்கு இஞ்சை வான்கோழி டிசம்பரிலை பிரீசருக்குள்ளைதான்" என்று சொல்லிவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டுவீர். அந்தப் பொறாமைதான் நம்மை லண்டனுக்கு வெளியே கென்ட்டுக்குக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன். நான் ஒரு பண்ணையின் களஞ்சியத்துக்கு வயரிங் செய்யப் போனேன். பண்ணைக்காரர் தன் காட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பெசன்ட் சுடுவதைப் பற்றிச் சொன்னார். அன்று பின்னேரமே உமக்குப் போன் அடித்தேன். "ரெண்டு பேராப் போவம். தனிய ஒரு கறுத்தவன் துவக்கோடை நிண்டா ஆரும் பொலிசுக்கு அடிச்சுப்போடுவாங்கள்" என்றீர். சிரித்தோம். முழுப் பகிடியும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நீர் யாழ்ப்பாணம் டவுன்காரர். லண்டன் வரும்வரை துவக்கைத் தொட்டவர் இல்லை. களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகுகிற இடத்தில் காசு கட்டி, சட்டதிட்டம் எல்லாம் கேட்டு, உம் வேலையான பஸ் ஓட்டுவது போலவே துவக்கையும் பழகினீர்: கண்ணாடியைப் பார், சிக்னல் போடு, பிறகு திருப்பு. நான் வன்னிக்காரன். பதினாறு வயதில் இடியன் துவக்கோடு காட்டுக்கோழிக்குப் போனவன். உம்மைப் பார்த்து, புத்தகத்தில் நீச்சல் படித்தவர் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். என் வாய் அப்படி.

இடியனில் ஒரு வெடிக்குப் பிறகு மறு வெடிக்கு மருந்து இடித்து ஏற்றக் கனநேரம் எடுக்கும். அதனால் பறக்கிற கோழிக்குச் சுடுகிறவனை எங்கள் ஊரில் ஆளாக மதிக்க மாட்டார்கள். இருக்கிறபோது சுட வேண்டும், அல்லது நிலத்தில் ஓடுகிறபோது. அது என் மூளையில் இல்லை, கையில் இருக்கிறது. இங்கே எல்லாம் நேர் எதிர். உயரப் பறப்பதைத்தான் சுடலாம். ஓடுகிற பறவையைச் சுட்டால் வெட்கக்கேடு, அதைவிட ஆபத்து. ஒரு பாதிப் பேர் வயலில் எண் போட்ட குச்சிகளுக்குப் பக்கத்தில் துவக்கோடு நிற்பார்கள். மற்றப் பாதி காட்டுக்குள் வரிசையாகத் தடியால் தட்டிக்கொண்டு, பறவைகளைக் கலைத்தபடி அவர்களை நோக்கி வரும். அடுத்த சுற்றில் இடம் மாறுவார்கள். கலைப்பவர்கள் காட்டின் விளிம்புக்குக் கிட்ட வந்ததும் கொம்பு ஊதுவார்கள். அதற்குப் பிறகு காட்டுப் பக்கம் ஒரு வெடிகூட வைக்கக் கூடாது. இதை ஒவ்வொரு காலையும் கப்டன், அதாவது அந்தப் பண்ணைக்காரர், எங்களை வட்டமாக நிறுத்திச் சொல்வார். நான் ஒவ்வொரு காலையும் தலையாட்டுவேன்.

போன ஜனவரி, அந்தக் கடைசிச் சனிக்கிழமை. நீர் உம் நாய் சீனியோடு காட்டுக்குள் கலைத்துக்கொண்டு வந்தீர். எனக்கு வயலின் மூலைக் குச்சி. அதில் நிற்பவனை மற்றவர்களுக்குத் தெரியாது, இடையில் ஒரு மேடு. அன்று காலையிலிருந்து எனக்கு ஒரு பறவையும் விழவில்லை, எரிச்சலில் நின்றேன். கொம்பு ஊதியது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த நேரம் ஒரு பெசன்ட் சேவல் முட்பற்றையின் அடியிலிருந்து வெளியே வந்து, கரையோடு ஓடியது. கை போய்விட்டது. வெடி கேட்ட பிறகுதான் சுட்டவன் நான் என்று எனக்கே தெரிந்தது.

பற்றையிலிருந்து நீர் வெளியே வந்தீர், கன்னத்தைப் பொத்தியபடி. விரல்களுக்கிடையில் இரத்தம். சேவலைக் காணவில்லை. கப்டன் மேட்டைத் தாண்டி ஓடி வந்தார். "கொம்புக்குப் பிறகு சுட்டது யார்?" என்று என்னைக் கேட்டார். நான் காலடிச் சேற்றைப் பார்த்தேன். நீர்தான் பேசினீர். வெடி கொம்புக்கு முன்பு கேட்டது என்றும், உமது கன்னத்தில் கீறியது பிளாக்பெரி முள் என்றும், அமைதியாக, சிரித்துக்கொண்டு சொன்னீர். கப்டன் உம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாயைப் பார்த்தார். எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வரும்போது காரை நீர்தான் ஓட்டினீர். நாளைக்கே கப்டனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாதையும்" என்றீர். "சொன்னா உம்மடை லைசென்ஸ் போகும். அது போகட்டும். அந்தக் கூட்டத்திலை தமிழர் எண்டு இருக்கிறது நாங்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தன் மற்றவனைச் சுட்டான் எண்டு கதை வெளிக்கிட்டா என்ன சொல்லுவாங்கள்? ஒருத்தரை ஒருத்தர் சுடுறது இவங்களுக்குப் பழக்கம்தானே எண்டு சொல்லுவாங்கள்."

நம் இரண்டு பேர் வீட்டிலும் அப்படித் தமிழர் கையாலேயே போன ஆட்கள் உண்டு.

பிறகு லூயிஷாம் சந்தியில், சிவப்பு விளக்கில், என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்: "அடுத்த சீசனுக்கு உம்மடை முறையை மாத்தும். பறவைக்குக் கீழை வானம் தெரிஞ்சால்தான் துவக்கைத் தூக்க வேணும். இல்லாட்டித் தூக்கவே கூடாது."

பெப்ரவரி முழுக்க உம் வீட்டுப் பின்வளவில் எனக்குப் பயிற்சி. துவக்குக்குப் பதிலாகக் கையில் தும்புத்தடி. உம் மனைவி வதனி குசினி யன்னலால் பார்த்து, இரண்டு கிழடுகளுக்கும் பைத்தியம் என்றா. நீர் மதிலோரமாகப் பழைய டென்னிஸ் பந்தை உருட்டுவீர். நான் தடியைத் தூக்கக் கூடாது. இருபது தரம் உருட்டினால் இரண்டு மூன்று தரம் கை தூக்கிவிடும். ஒவ்வொரு முறையும் நீர் பந்தை எடுத்து வந்து மறுபடி உருட்டினீர். கன்னத்தில் அந்த இடம் ஆறி, உள்ளே தங்கிவிட்ட ஈயச் சன்னம் சின்னதாகத் தடித்திருந்தது. டொக்டரிடம் போம் என்றேன். டொக்டர் கேள்வி கேட்பார் என்றீர்.

சித்திரையில், பஸ் டிப்போவில், ஷிப்ட் முடிந்து கோட்டைப் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்தீராம், பிறகு எழும்பவில்லை. அவ்வளவுதான். அந்தச் சன்னத்துக்கும் உமது இதயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போட்ட ஈயம் உம்மோடு சேர்ந்து எரிந்தது.

கப்டனின் மெசேஜ் ஆவணி முடிவில் வந்தது: வழக்கம்போல எனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறாராம். நான் பதில் போடவில்லை. வருவேன் என்றும் மனம், வரமாட்டேன் என்றும் மனம். அகதியாக வந்து இறங்கியவனை, இந்த நாட்டின் பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்து, விசாரித்து, நீ துவக்கு வைத்திருக்கலாம் என்று எழுதித் தந்தது. அந்தக் கடதாசி எனக்குப் பாஸ்போர்ட்டைவிடப் பெரிது. அதை இழக்கப் பயம். நீரே மறைத்துத் தந்ததை நான் ஏன் கிண்ட வேண்டும் என்றும் ஒரு சாட்டு இருந்தது.

போன வியாழன் வதனி போன் எடுத்தா. "அண்ணை, நான் உங்களோடை கென்ட்டுக்கு வரப்போறன். கலைக்கிற ஆக்களோடை நடக்கிறன். சீனிக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. சனிக்கிழமை விடிஞ்சா கதவடியிலை போய் நிக்குது. கப்டனிட்டைக் கேட்டிட்டன், வரச் சொன்னவர்."

நீர் நடந்த அதே வரிசையில், அதே பற்றைக்குள், உம் மனைவி. வெளியே துவக்கோடு நான். உடனே ரயில் பிடித்து லூயிஷாமில் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

தேத்தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு வதனி நின்றுகொண்டே இருந்தா. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சொல்லிவிட்டேன். சேவல் ஓடியது, கொம்பு, கன்னம், முள் என்று நீர் சொன்னது, கப்டன் கேட்டபோது நான் வாய் திறக்காதது, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை நான் மேசையைத்தான் பார்த்தேன்.

"முள்ளு இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றா. "கையாலை தடவிப் பாத்தனான். முள்ளு உருண்டையா இருக்குமோ? ஆர் எண்டு கேட்டன். அந்த மனுசன் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொல்லேல்லை. நான் அங்கை இருக்கிற வெள்ளைக்காரர் ஒவ்வொருத்தரா நினைச்சு நினைச்சுத் திட்டினன், அண்ணை. உங்களை மட்டும் நினைக்கேல்லை."

அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். பிறகு கேட்டா: "நான் அந்தப் பத்தைக்குள்ளை வரேக்கை, முன்னாலை ஒரு கோழி ஓடினா, நீங்கள் சுடுவீங்களோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பந்து உருண்டபோதெல்லாம் தூக்கிய கை ஞாபகம் வந்தது. "தெரியாது, தங்கச்சி" என்றேன்.

"அப்ப துவக்கை விட்டிட்டு வாங்கோ" என்றா. கதவுவரை வந்து வழியனுப்பவில்லை.

மறுநாள் பண்ணைக்குப் போய்க் கப்டனிடம் சொன்னேன். அவர் ட்ராக்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. கொம்பு ஊதியதே தான்தான் என்றும், ஊதிய வாயை எடுத்த பிறகுதான் வெடி கேட்டது என்றும் சொன்னார். உம்முடைய முகத்துக்காக அன்று விட்டாராம். நான் எப்போது வந்து சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இந்தப் பருவம் தன் நிலத்தில் நான் துவக்கு எடுக்கக் கூடாது, வேண்டுமென்றால் கலைப்பவர்களோடு நடக்கலாம் என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து பொலிசுக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதில் வரவில்லை. உம்முடைய சொல்லை மீறினேன். தமிழரைப் பற்றி அவர்கள் என்ன கதைப்பார்களோ, கதைக்கட்டும்.

இன்று அங்கே வேலை நாள். பருவத்துக்கு முன்னால் காட்டுப் பாதைகளை வெட்டி, கலைப்பவர்கள் ஒருமுறை வரிசையாக நடந்து பார்ப்பது வழக்கம். வதனி உம்முடைய பூட்ஸுக்குள் இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு வந்தா. எனக்கு மற்றப் பக்கமாகப் போய் நின்றா. சீனி மட்டும் என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. உரப்பையை வெட்டிக் கட்டிய ஒரு கொடித்தடியை எனக்குத் தந்தார்கள். வரிசையில் எனக்கு விழுந்த இடம் மூலைப் பக்கம்.

நடந்து நடந்து அந்த முட்பற்றைக்கு வந்து நின்றேன். அன்று நீர் காரில் சொன்ன இன்னொன்று உண்டு. வதனியிடம்கூட நான் சொல்லவில்லை. "பத்தைக்குள்ளை இருந்து பாத்தா வெளியிலை ஒண்டும் தெரியாது. ஆர் சுட்டதெண்டே நான் காணேல்லை. பிறகு உம்மடை முகத்தைப் பாத்துத்தான் தெரியும்" என்றீர். இத்தனை மாதமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். நீர் என்னைப் பார்க்கவில்லை, அது போதும் என்று.

பற்றைக்குள் இருட்டு. வெளியே வயல் வெளிச்சம். என் குச்சி நேரே தெரிந்தது, அதன் எண்கூடத் தெரிந்தது. குச்சிக்குப் பக்கத்தில் கப்டன் நின்று மூக்கைச் சொறிவதும் தெரிந்தது. ஜனவரியில் இலை இன்னும் குறைவு.

நீர் பார்த்திருக்கிறீர். துவக்கு உம் பக்கம் திரும்பியதையும், அதற்குப் பின்னால் இருந்த என் முகத்தையும். பார்த்துவிட்டு வெளியே வந்து, முள் என்றீர்; காரில், காணவில்லை என்றீர்.

"அண்ணை, வரிசை உடையுது, வாங்கோ" என்று வதனி கூப்பிட்டா.

"வாறன்" என்றேன். தடியால் பற்றையைத் தட்டிக்கொண்டு நடந்தேன். சுடுகிற நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் நீர் ஒருவர்தான். இனி அதை யாரிடம் கேட்பேன்?