படை திரும்பும் தீர்மானமும் என் குறுக்குக்குரலும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு மூன்று குறுக்குக்குரல்கள் போயின. இரண்டு எடுபட்டன. ஒன்று பிறந்த இடத்திலேயே செத்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. சொன்னவர் கொட்டாவிக்கு நடுவில் சொன்னார்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால், 'கட்சி அலுவலகத்தில் எழுத்துப் பணி' என்று கம்பீரமாகச் சொல்வேன். சொந்தத் தங்கைக்குக்கூட அவ்வளவுதான் தெரியும். வீட்டில் நிஜம் என் மனைவிக்கு மட்டும் தெரியும், ஆகையால் அவள் என்னை மதிப்பதில்லை. ஆளுங்கட்சிக்காரர் அவையில் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் பின்வரிசையிலிருந்து திடீரென்று ஒரு குரல் கிளம்பி எல்லோரும் சிரிக்கிறார்களே, அந்தத் 'திடீர்' முதல் நாளே என் மேஜையில் தயாராகிவிடும். சின்னச் சீட்டில் எழுதி மடித்து ஒரு உறுப்பினரிடம் கொடுப்பேன். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் இடி. மைக் தேவைப்படாத தொண்டை. எப்போது சொல்ல வேண்டும் என்றுதான் தெரியாது. ஆண்டவன் நகைச்சுவைக்கு ஒதுக்கிய இடத்தையும் தொண்டைக்கே கொடுத்துவிட்டான். அதனால் நான் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் இடி இடிக்கும். இருபது வருஷமாக இதே ஏற்பாடு.

இப்போது அவை முழுக்க ஒரே பேச்சு: கடல் தாண்டி நடக்கிற அந்தப் போர். நம் படையைத் திருப்பிக் கூப்பிடுவதா, இன்னும் ஆள் அனுப்புவதா? படை போனபோது எங்கள் ஆட்சி. 'அனுப்பாதே' என்று அவர்கள் கத்தினார்கள், 'தொடை நடுங்கிகளே' என்று நாங்கள் சிரித்தோம். இன்று ஆட்சி அவர்களுடையது. 'பின்வாங்க மாட்டோம்' என்கிறார்கள், 'கூப்பிடு' என்கிறோம் நாங்கள். அண்ணன் தம்பி சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. அன்று நான் எழுதிய கிண்டல்களையே இன்று அவர்கள் எங்கள் மேல் எறிகிறார்கள். என் சரக்காலேயே நான் அடி வாங்குகிறேன்.

மார்ச் 5, வியாழன்

அலுவலகத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். வானொலியில் செய்தி வாசித்தவளாம். தலைவருக்குப் பேச்சு எழுத.

ஜன்னலோர மேஜையை அவளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஜன்னலை நான் கேட்கத் தொடங்கியபோது எனக்குத் தலை நிறைய முடி.

"சார், நீங்கதானே அந்த ஜோக்ஸ் எழுதறவர்?"

ஜோக்ஸாம்!

மார்ச் 9, திங்கள்

ஒரு பக்கம் எழுதுகிறாள், வாய்விட்டு வாசிக்கிறாள், முக்கால் பக்கத்தை அடித்துவிடுகிறாள். இதற்குச் சம்பளம் வேறு.

மார்ச் 12, வியாழன்

வயிறு எரிகிறது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை. இது மாத்திரைக்குக் கேட்கிற எரிச்சல் இல்லை.

போன வாரம் டீ நேரத்தில் என் தங்கை மகனைப் பற்றி ஒரு கதை சொன்னேன். அங்கே போரில் இருக்கிற பையன். வீட்டுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி, 'அம்மா, என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வெச்சியா?' தலைக்கு மேல் குண்டு பறக்கிறது, இவனுக்கு டயர் கவலை! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. 'இதை எடுத்துக்கலாமா சார்?' என்றாள். 'தாராளமா' என்றேன். என் தாராளம் அவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது?

இன்று தலைவர் அதைச் சொன்னார். ஒரு அலங்காரமும் இல்லை. 'ஒரு பையன் கேட்கிறான், சைக்கிளுக்குக் காற்று அடித்தாயா என்று. அவன் அம்மா வாரா வாரம் அடித்து வைக்கிறாள்.' அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அவை அப்படியே நின்றுபோனது. அவர்கள் பக்கம்கூட. ஃபேன் சுற்றுகிற சத்தம் மாடம் வரைக்கும் கேட்டது.

அதே பையன், அதே சைக்கிள், அதே காற்று. என் கையில் இருந்தபோது டீயோடு போச்சு. அவள் கையில் பேப்பரில் வந்துவிட்டது.

வீட்டில் புலம்பினேன். மனைவி பருப்பு பொறுக்கிக்கொண்டே, "இந்த வாரம் பூரா அவ பேச்சுதான். கல்யாணம் ஆன புதுசுல என்னைப் பத்திக்கூட நீங்க இவ்வளவு பேசினதில்ல" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். முன்னறையில் சைக்கிள், துடைத்துப் பளபளவென்று. டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

படையைக் கூப்பிடச் சொல்லும் எங்கள் தீர்மானம் ஜெயித்தால் தங்கை மகனின் படைப்பிரிவுதான் முதலில் திரும்பும். தோற்றால் இன்னும் ஒரு வருஷம். அங்கேயே. அவன் கூடப் போனவர்களில் இரண்டு பேர் பெட்டியில் வந்துவிட்டார்கள். அதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"ஜெயிக்குமாண்ணா?"

"கிட்டத்தட்ட சரிபாதி. ஒண்ணு ரெண்டு ஓட்டுலதான் தொங்குது. ஜெயிக்கும்."

"டிவியில உங்க தலைவர் சொன்னாரே, அழுதுட்டேன். யாருண்ணா எழுதினது?"

"ஆபீஸ்ல ஒருத்தி."

"கையெடுத்துக் கும்பிடணும் அவங்களை. கேட்டேன்னு சொல்லு, மறந்துடாத."

என் தங்கை. என் கூடப்பிறந்தவள். கும்பிடு மட்டும் ஜன்னலோர மேஜைக்கு!

(சொல்லவில்லை. மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்வோம்.)

மார்ச் 18, புதன்

அவை உணவகத்தில் போர்க்களம். ஆளுங்கட்சி இளம் உறுப்பினர் ஒருவர் உப்பு சீசாவை மலை என்றார். ஸ்பூன்தான் ஆறு. சர்க்கரைப் பொட்டலங்கள் நம் படை. "மலையை விட்டா பாலம் போச்சு, பாலம் போனா துறைமுகம் போச்சு. இன்னும் ஆளை இறக்கினாத்தான் பிடிப்பு நிக்கும்" என்று பொட்டலங்களை அடுக்கினார். எங்கள் ஆள் ஒருவர், "துறைமுகம் யாருதுங்க தம்பி? உங்க மாமனாருதா?" என்று பொட்டலங்களை வாரித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அவர் திருப்பிப் பிடுங்க, இவர் இழுக்க, ஒரு பட்டாளம் கிழிந்து தரையில் கொட்டியது. இருவருக்கும் அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. விரல் வைக்கச் சொன்னால் கடலில் வைப்பார்கள்.

பக்கத்தில் மாட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். ஆளுங்கட்சிதான், பழைய ஆள், இப்போதும் காலையில் மிருக வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் அவைக்கு வருவார். தன் டீக்கு ஒரு பொட்டலத்தை எடுத்தவர், நிறுத்தி, "இதுல... எத்தனை பேரு?" என்றார்.

"ஒரு கம்பெனி, டாக்டர். நூத்துச் சொச்சம் சிப்பாய்ங்க."

கிழிக்காமல் பழைய இடத்திலேயே வைத்தார். டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்தார்.

இவர்தான் சாவி. இவர் எழுந்து 'கூப்பிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் கூட வருவார்கள். தீர்மானம் நிறைவேறிவிடும். வானொலிக்காரி காலையில் அவர் வைத்தியசாலைக்குப் போய், ஆட்டோடும் நாயோடும் வரிசையில் உட்கார்ந்து அவரிடம் பேசிவிட்டு வருகிறாளாம். அவர் பேச்சைக் கேட்கப் பொறுமை வேண்டும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு கன்று பிறந்து எழுந்து நின்றுவிடும்.

மார்ச் 20, வெள்ளி

தலைவர் இன்று அவளை 'அம்மா' என்று கூப்பிட்டார். என்னை இருபது வருஷமாக 'யோவ்'.

மார்ச் 23, திங்கள்

நாளை ஓட்டெடுப்பு.

தலைவர் என்னைக் கூப்பிட்டு, "யோவ், நாளைக்கு உன் கடைக்கு லீவு. ஒரு சீட்டும் வேண்டாம்" என்றார். அவள் பக்கத்தில் நின்றாள். "டாக்டர் நாளைக்குப் பேசறேன்னுட்டார். நிறுத்தி நிறுத்திப் பேசுவார் சார். அப்ப நம்ம பக்கம் ஒரு இருமல்கூட வரக்கூடாது. அவருக்கு அதுதான் பயம். சின்ன வயசுல இருந்தே அவர் பேச ஆரம்பிச்சா சிரிப்பாங்களாம்."

தலையாட்டினேன்.

வெளியே வந்து இடியிடம் ஒரு சீட்டைக் கொடுத்தேன். "சும்மா பையில இருக்கட்டும்ணே. அந்தப் பக்கம் யாராவது வம்பு பண்ணா உதவும்."

வம்பு பண்ணினால் உதவும். நியாயந்தானே? முன்ஜாக்கிரதை. தொழில்காரன் வெறுங்கையோடு போவானா?

மார்ச் 24, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மாட்டு டாக்டர் எழுந்தார். "நான்... இந்தக் கட்சியில... முப்பது வருஷமா இருக்கேன்." நிறுத்தினார். ஒரு சத்தம் இல்லை. இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இன்னைக்கு... முதல் தடவையா..." மறுபடி நிறுத்தினார்.

மாடத்தில் எனக்குப் பக்கத்தில் அவள். முன் கம்பியைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது, அவருக்கு அடுத்த வார்த்தையை ஊட்டிவிடுகிற மாதிரி.

இருபது வருஷமாக இந்த அவையைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒரு தடவையாவது இப்படி மூச்சு நிற்க வைத்திருக்கிறேனா? வந்து மூன்று வாரம் ஆகவில்லை, மொத்த அவையும் அவள் கைப்பிடியில். அந்த அமைதி முழுக்க அவளுடையது. அதில் எனக்கு ஒரு ஓரம்கூட இல்லை.

கண்ணாடியைக் கழற்றினேன்.

"டாக்டர், நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள மாடு குணமாகி வீட்டுக்கே போயிடுச்சு!"

இடி அன்றைக்கென்று அற்புதமாகச் சொன்னார். அவை குலுங்கியது. எங்கள் பக்கம், அவர்கள் பக்கம், எல்லோரும். தலைவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் திரும்பித் தன் கட்சிக்காரர்கள் சிரிப்பதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டைத் தன் கட்சிக்கே போட்டார். அந்த இரண்டு பேரும் அப்படியே. தீர்மானம் தோற்றது.

வியர்த்தது, துடைக்கத்தான் கழற்றினேன். மாடத்தில் காற்றே வருவதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். வியர்வைதான்.

வியர்வையாடா? கையில துணி இருந்துச்சா? துணியே எடுக்கலியேடா நீ!

மார்ச் 25, புதன்

எல்லாப் பத்திரிகையிலும் என் வரி. கட்டம் போட்டு. சொன்னவர் பெயர் இடியுடையது, வரி என்னுடையது. டீக்கடையில் ஒருவர் இன்னொருவருக்கு நடித்துக் காட்டுகிறார். இத்தனை வருஷம் இதற்குத்தானே ஏங்கினேன்?

மனைவி வாசித்தாள். "நல்லா இருக்கு" என்று மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் என்னைத் திட்டாமல் போனது இதுவே முதல் தடவை.

தலைவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு போனேன். தோளில் தட்டினார். "விடுய்யா. ஜெயிச்சிருந்தா பேரு அவனுக்குப் போயிருக்கும், ஆட்சி அவனுதுதானே. இப்ப தேர்தல் வரைக்கும் நமக்குப் பேச விஷயம் இருக்கு." சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்தப் பக்க அறையிலும் இந்நேரம் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மார்ச் 26, வியாழன்

"மூக்குல வேர்த்துச்சா சார்?" என்று ஜன்னலோர மேஜையிலிருந்து கேட்டார்.

கண்ணாடி ஏற்பாடு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஆமாம்மா. நேத்து ஒரே புழுக்கம்."

"அது முந்தாநேத்து சார்."

திரும்பி எழுத ஆரம்பித்துவிட்டார். கத்தியிருக்கலாம். கத்தினால் நானும் கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும்.

இன்று காலை மறுபடி வைத்தியசாலைக்குப் போனாராம். டாக்டர் உள்ளே கூப்பிடவில்லையாம். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம். நாளைக்கும் போவாராம்.

எனக்கு அதிலும் பொறாமை. போய் உட்கார அவருக்கு ஒரு பெஞ்சாவது இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

தங்கைக்குக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம். ஆளும் கூடுதலாக அனுப்புகிறார்கள், மலைக்கும் பாலத்துக்கும்.

"பேப்பர்ல அந்த மாட்டு ஜோக்கைப் படிச்சுட்டு நானும் சிரிச்சேன்ணா" என்றாள். "சிரிச்சு முடிச்சுட்டுத்தான் செய்தியோட கடைசி வரியைப் பாத்தேன், தீர்மானம் தோத்துப்போச்சுன்னு."

அவள் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்தேன்.

"நீ மேலதானே உக்காந்திருந்தே? அந்த ஆளு வாயைத் திறக்கறப்ப ஒரு அதட்டு போட்டிருக்கக் கூடாதா?"

"மாடத்துல இருந்து பேசக் கூடாதும்மா."

"ஆமா, நீ என்ன பண்ணுவே பாவம்" என்று என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

சொல்லிடுடா, இப்பவே சொல்லிடு — குடித்தேன். காலி செய்துவிட்டு, நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தங்கை வீட்டில் இருந்தபோது அவன் போன் வந்தது. இரைச்சல். காற்றா, வண்டியா, தெரியவில்லை. அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னானாம்.

"மாமா, ஒரு ஜோக் சொல்லவா? இங்க கேம்ப்ல எல்லார் வாயிலயும் இதுதான். உங்க அவையில நடந்ததாமே."

"சொல்லுடா."

சொன்னான். டாக்டர் எழுந்தது, நிறுத்தி நிறுத்திப் பேசியது, எல்லாம் நடித்தே காட்டினான். கடைசி வரிக்கு முன்னால் கொஞ்சம் பொறுத்தான். சரியான அளவு. இடிக்கு இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுத்தும் வராத நிறுத்தம். அவன் முடித்ததும் பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. ஏற்கெனவே கேட்டவர்கள்தான், இருந்தும் சிரித்தார்கள். எல்லாம் சின்ன வயசுக் குரல்கள்.

"யாரு மாமா எழுதிக் குடுத்தது? உங்களுக்குத் தெரியுமா? செம ஆளா இருப்பாரு போல."

"தெரியலடா."

"விசாரிச்சு வைங்க" என்றான்.

நன்றாகச் சொல்கிறான். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இன்னும் நன்றாகச் சொல்லப் பழகிவிடுவான்.