ஆழத்துப் பக்கம் யார் நின்றது?

மார்ச் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் நலத்துக்காகத்தானே என்னை வெளியே தள்ளினாய். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய், அதனால் காகிதம்.

நேற்று, நான் இப்போது நீச்சல் சொல்லிக்கொடுக்கும் இந்தக் குடியிருப்பின் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். கையைப் பிசைந்துகொண்டே, "தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க கவனக்குறைவால ஒரு குழந்தை மூழ்கப் பார்த்துச்சாமே? உங்க தம்பிதான் போன் பண்ணினார்" என்றார். குளத்தில் என்னிடம் கற்கும் பிள்ளைகள் பலகையைப் பிடித்துக் காலடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கூனிக் குறுகி நின்றேன்.

உன் நீச்சல் பள்ளியில் மாடு மாதிரி உழைத்தவள் நான். அன்றைக்கு நான் சின்னதுகளோடு ஆழமில்லாத பக்கம். ஆழத்துப் பக்கம் நீ, போனைக் காதில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி. அந்தப் பெண் குழந்தையைக் குதித்து எடுத்தது நான். அது இருமி இருமித் தண்ணீரைக் கக்கிய பிறகுதான் நீ திரும்பினாய். அவள் அம்மா ஓடி வந்ததும், "அக்கா, உன்னைத்தானே இங்க நிக்கச் சொன்னேன்!" என்று கத்தினாயே, எப்படியடா அவ்வளவு சட்டென்று வந்தது அந்தப் பொய்?

செயலாளருக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல். வேறு எதுவும் உன்னிடம் வேண்டாம்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படித்துக் கிழித்துவிட்டேன்.

நீ போன பிறகு என் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் உன் குளத்துக்கு வந்துவிட்டார்கள். நீ இழுத்தாயோ, அவர்களாக வந்தார்களோ, என் வயிற்றில் அடித்தது அடித்ததுதான். அப்புறம் நான் சும்மா இருப்பேன் என்று நினைத்தாயா?

கொஞ்சம் யோசி. பெயர் கெட்டது எனக்கென்றால் பள்ளியையே இழுத்து மூட வேண்டும். என்னை நம்பி மற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். உனக்கு யார் இருக்கிறார்கள்? ஒண்டிக்கட்டை. எங்கே போனாலும் விசிலை மாட்டிக்கொண்டு பிழைத்துக்கொள்வாய். அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்: "அவளுக்கென்னடா, தனி ஆளு, சமாளிச்சுக்குவா."

செயலாளரிடம் எதையும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

செயலாளர் என்னை நிறுத்தவில்லை. "எங்க ஆளுங்க கொஞ்ச நாள் கரையில உக்காந்து பாக்கட்டும்" என்றார். பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

காலையில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்திருக்கிறேன். அதில் சேர யார் வந்தது தெரியுமா? அந்தக் குழந்தையின் அம்மா. உன் பேச்சை நம்பி அன்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாளே, அவளேதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேற குளமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவள் தலை குனியவில்லை. "அன்னைக்குக் கரையில நின்னு கத்தத்தான் முடிஞ்சுது. குதிக்கத் தெரியல. இனிமே அப்படி நிக்கக் கூடாது. உங்ககிட்டதான் கத்துக்கணும்" என்றாள். குளத்தோரக் கம்பியை விடச் சொன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். நகம் பதிந்து தோல் உரிந்திருக்கிறது. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே ஒரு வாரம் போராட்டம்.

உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே சொன்னாள்: "சார் போன்ல பேசிட்டு இருந்தார், நான் கையை ஆட்டினேன், பாக்கலன்னு என் பொண்ணு தூக்கத்துலகூட சொல்றா மேடம்." மற்ற பெற்றோரையெல்லாம் கூட்டிக்கொண்டு உன்னைக் கேட்க வருகிறாள். தயாராக இரு.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

அநேக வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? குளோரின் உனக்கு ஒத்துக்கொள்ளாதே, கண்ணைப் பார்த்துக்கொள்.

நமக்குள் ஆயிரம் இருக்கட்டும், வெளியாள் நடுவில் வரலாமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அந்த அம்மா நீ சொன்னால் கேட்பாள். குழந்தை பயத்தில் உளறுகிறது என்று சொல், போதும். தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வா. பள்ளியின் பெயர்ப் பலகையில் உன் பெயரை என் பெயருக்கு மேலேயே எழுதுகிறேன். அம்மா சந்தோஷப்படுவாள்.

மாட்டேன் என்றால் இந்த வீட்டுப் படி ஏறாதே. அம்மாவையும் மறந்துவிடு. யோசித்து முடிவெடு.

உன் பாசமுள்ள தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, கழுத்தில் கத்தி வைக்கப் போகிறாய் என்று.

நான் கூட்டத்துக்கு வர நினைக்கவில்லை. வகுப்பை விட்டுவிட்டு உன் முகத்தைப் பார்க்க வருவேனா? நீதான் ஆள் அனுப்பினாய். எல்லோர் நடுவிலும், "அக்காவையே கேளுங்க, அவ பொய் சொல்ல மாட்டா" என்றாய். பொய் சொல்வேன் என்று நம்பித்தானே அப்படிச் சொன்னாய்?

ஈரத் தலையோடு வந்து நின்றேன். அந்தக் குழந்தை தன் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். கடைசி வரிசையில் நம் அம்மா உட்கார்ந்திருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தேன். நீதான் கூட்டி வந்திருக்கிறாய், அவளைப் பார்த்தால் என் வாய் அடைபடும் என்று. அம்மா எழுந்து போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நீ நினைத்தது அந்த மட்டும் பலித்தது.

பள்ளியை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆழத்துப் பக்கம் நீ நிற்கக் கூடாது என்றார்கள், அவ்வளவுதான். அதற்கா இத்தனை ஆட்டம் ஆடினாய்?

உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். அம்மாவைத் திட்டாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆட்டோ வந்துவிட்டது. அவள் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கூட்டம் முடிந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று காலையில் பெட்டியைக் கட்டிவிட்டு, "அவ தனி ஆளு இல்லடா" என்றாள். அவ்வளவுதான். போகாதே என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். நானும்தான்.

வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், மஞ்சள் பின்னால். மாற்றிக் கொடுத்தால் தலை சுற்றும். காது மந்தம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள். கத்திப் பேசாதே, கோபம் வரும்.

போய்ச் சேர்ந்தாள் என்று மட்டும் சொல்லி அனுப்பு. நீ எழுத வேண்டாம்.