சைக்கிள் கடைப் படி

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அம்மாவின் படத்தைத் துடைக்க ஆணியிலிருந்து கழற்றும்போது பின்னாலிருந்து இந்தத் தாள் விழுந்தால், எடுப்பது யாராக இருந்தாலும் சரி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மடித்து அங்கேயே வைத்துவிடுங்கள். நைனாவிடம் கொடுக்க வேண்டாம். அக்காவிடம் கொடுக்கவே வேண்டாம். இது அம்மாவுக்கு மட்டும்.

அம்மா, அக்கா தூங்குகிறாள். கொஞ்ச நேரம் முன்புவரை நானும் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். தூக்கத்தில் புரண்டு கையை என் முகத்தின்மேல் போட்டாள். அந்த விரல்களில் உன் வாசனை அடித்தது. வயர்மேல் சுற்றுகிற கறுப்பு டேப்பின் பசை வாசனை. சோப்புக்குப் போகாது, தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தால்தான் போகும் என்பாய். தேய்த்த பிறகும் நகத்தடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு ஊட்டினாய்.

இருட்டில் ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் பயம் வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து அக்காவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். சூடாக மூச்சு வந்தது. இருந்தாலும் படுக்க முடியவில்லை. அடுப்படியில் சின்ன பல்ப் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் நடுவில் எழுந்து போய் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன் அம்மா. அக்காவின் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

நீ வேலை பார்த்த அதே கம்பெனிக்கு, நேற்று விடியுமுன் முதல் ஷிப்டுக்குப் போனவள் அவள். அவளை மாற்றிவிட வேண்டிய அடுத்த லைன் லீடர் வரவில்லை. ஆள் வராமல் லைனை விட்டு நகர முடியாது என்று இரண்டாவது ஷிப்டையும் அவளே பார்த்தாள். நடுராத்திரி நெருங்கும்போது வந்து சேர்ந்தாள். "சோறு போட்டுமாக்கா?" என்றேன். "சோறு எங்கடி ஓடிடப் போவுது, இங்கதான இருக்கும்" என்று சுவரோடு சாய்ந்தவள் அப்படியே சரிந்து தூங்கிவிட்டாள். கம்பெனியில் போடுகிற மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நான்தான் காலைத் தூக்கிப் பாயில் வைத்தேன். குதிகால் வீங்கியிருந்தது. உனக்கு வீங்குமே, அதே மாதிரி.

அப்போதுதான் போனில் சூப்பர்வைசர் செய்தி வந்தது. "பவானி, காலையில முதல் ஷிப்டும் நீதான் வரணும். ஆள் இல்ல. கஸ்டமர் வராங்க. முதல் பஸ்ல ஏறிடு." கீழே குரூப்பில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்காவின் கண்ணிமை அசைந்தது. நான் துண்டித்தேன். மறுபடி அடித்தது. அணைத்துவிட்டேன்.

நைனா வீட்டில் இல்லை. வள்ளூரில் நைட் டூட்டி. இருந்திருந்தால் எழுப்பியிருப்பார். கெட்ட மனசால் இல்லை. "லைன் லீடர்னா சும்மாவா? கூப்ட்டா போய்தான் ஆவணும்" என்று சொல்லி, தானே டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பார். உன்னையும் அப்படித்தானே அனுப்பினார்.

உன் கம்பெனியை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆயுத பூஜைக்கு. வீட்டு ஆட்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸே ஒரு சமையலறையாக இருந்தது. ஒருத்தி பூண்டு உரிக்கிறாள், ஒருத்தி கீரை ஆய்கிறாள், நீ அவரைக்காய் நார் எடுத்தாய். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "யம்மா, பஸ்ஸ சாம்பார் ஆக்கிட்டீங்க. ரெண்டு கரண்டி சோறு போட்டா நானும் துன்னுகினே ஓட்டுவேன்" என்றார். உன்னோடு வேலை பார்க்கிற பக்கத்துத் தெருச் சுமதி அத்தை விடவில்லை. "நீ மொதல்ல பள்ளத்த பாத்து ஓட்டுப்பா, எங் கீரைல பாதி கீழ போச்சு. நீ பள்ளத்துல உட்டுட்டா உம் பொண்டாட்டிக்கு இன்னா பதில் சொல்லுவேன்னு பயந்துகினு வரேன்" என்றதும் பஸ்ஸே சிரித்தது. நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

ஆனால் அன்றைக்கு எனக்கு மனசில் நின்றது வேறு. நீ வயர் கட்டுகிற பலகைக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். "இதான் என் எடம்" என்று பெருமையாகக் காட்டினாய். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ எங்கம்மா உக்காருவ?" என்று கேட்டேன். நீ என்னை வினோதமாகப் பார்த்தாய். "இங்க யாருடி உக்காருவா?" என்றாய்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் உன்னைப் பிடித்துவிட்டேன். எட்டாம் வகுப்பு எனக்கு. இட்லி மாவு வாங்கக் கடைக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், எப்போதோ மூடிப்போன சைக்கிள் கடையின் படியில் நீ உட்கார்ந்திருந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் சிமெண்டில் பதித்து வைத்திருந்தாய். பை மடியில். போன் இல்லை. யாரோடும் பேசவில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் போகிற சத்தம் வந்தது, அதைக்கூட நீ திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் நைனா, "தெனமும் இந்த பஸ்ஸு லேட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம்.

"இன்னாம்மா பண்ற இங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தாய். நான் என்று தெரிந்ததும் தோள் இறங்கியது. "ஒண்ணும் பண்ல."

"ஒண்ணும் பண்ணாம ஏன் உக்காந்துகினு இருக்க?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கத்தான்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாய். உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி ஜில்லென்று இருந்தது. நீயே சொன்னாய்: "கம்பெனில இருக்கசொல்ல நான் கம்பெனிக்கு. ஊட்ல இருக்கசொல்ல ஊட்டுக்கு. நடுவுல இங்க கொஞ்சம் எனக்கு. இது இல்லன்னு வை, ஊட்டுக்கு வந்து உங்க மேலதான் எரிஞ்சி உழுவேன்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "நைனாகிட்ட சொல்லாத. அக்காகிட்டயும் சொல்லாத. பஸ்ஸு லேட்டுதான், புரிதா?" என்றாய். அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாய். அதற்கு முன்னாலும் நீ அப்படித்தான் தினமும் வந்திருப்பாய். காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை அம்மா. இன்றுவரை.

பிறகு உன்னை லைன் லீடர் ஆக்கினார்கள். தெரு முழுக்க கேசரி கொடுத்தோம். கூடவே போன் வந்தது. எத்தனை பீஸ், யார் லீவு, எந்த வயர் தப்பு என்று ராத்திரியெல்லாம் அது துடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் மாவு வாங்கப் போனபோது பார்த்தேன். அதே படிக்கு முன்னால் நீ நின்றுகொண்டு போனில், "சரி சார், பாத்துக்கறேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உட்காரவில்லை. இன்னொரு நாள் அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்து வந்தாய். "இப்பல்லாம் உக்கார்றதில்லயாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டேன். "உக்காந்தா எந்திரிக்க முடியாதோன்னு பயமா இருக்குடி. அக்கா காலேஜ் முடிக்கட்டும், அப்பறம் உக்காருறேன்" என்றாய்.

வீட்டில் கத்த ஆரம்பித்தாய். ரசத்தில் உப்பு போட்டதை மறந்து இரண்டாம் முறை போட்டாய். பிரஷர் மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால், "பேஜாரு பண்ணாத, துன்றேன் போ" என்பாய். மறுநாள் அது ஜன்னலிலேயே இருக்கும்.

கடைசி நாளைச் சுமதி அத்தை சொல்லித்தான் தெரியும். கம்பெனி பஸ்ஸில் தூங்குகிறவர்களை அவரவர் ஸ்டாப்பில் எழுப்பிவிட ஓர் ஆள் உண்டு. உனக்கு அத்தை, அத்தைக்கு நீ. அன்றைக்குப் பெரியபாளையம் வருமுன்பே உன் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டதாம். மடியில் அவரைக்காய் கவர் நழுவியதாம். பாவம், தூங்கட்டும் என்று அத்தை அதை எடுத்து மிச்சக் காயையும் தானே கிள்ளி முடித்தாராம். போன் அடித்தபோது சத்தத்தைக் குறைத்துவிட்டாராம். நம் ஸ்டாப்பில்தான் தோளைத் தொட்டு அசைத்தார். நீ எழுந்திருக்கவில்லை. பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். அத்தை நம் வாசலுக்கு வந்து நின்றபோது கையில் அந்தக் கவர் இருந்தது. "தூங்குறான்னு நெனச்சிட்டேன் பாப்பா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதனால்தான் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

அன்றைக்கு உன்னை எழுப்பாமல் விட்டார்கள். இன்றைக்கு நான் அக்காவை எழுப்பாமல் விட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றா அம்மா? எழுந்ததும் அக்கா என்னை அடித்தாலும் அடிப்பாள். லைன் லீடர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால்? வேலையே போய்விட்டால்? நீ போனதும் காலேஜை விட்டுவிட்டு உன் கம்பெனிக்குப் போனவள், தபாலில் படிக்க வாங்கிய பி.காம் புத்தகங்களைப் பிரிக்கவே இல்லை. போன மாதம் தோழிகளோடு பழவேற்காடு போய்ப் படகில் சுற்றுவதாக இருந்தாள். புதுச் சுடிதார்கூட தைத்து வைத்தாள். அன்றைக்கும் போன் வந்தது. சுடிதாரை மடித்து உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ ப்ளஸ் டூ எழுதி முடி. அப்பறம் நான் கொஞ்சம் உக்காருறேன்."

உன் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை. நீ என்னிடம் அதைச் சொன்னது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ஐயோ அம்மா. ஒன்றை மறந்துவிட்டேன்.

சுமதி அத்தை. அவருக்கும் இன்றைக்கு முதல் ஷிப்டு. அக்கா போன் எடுக்கவில்லை என்றால் சூப்பர்வைசர் அடுத்து அவரைத்தான் கூப்பிட்டிருப்பார். பக்கத்துத் தெரு. பஸ்ஸுக்கு நம் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எனக்கு ஏன் இது முன்னாடியே தோன்றவில்லை?

பால் வண்டி போய்விட்டது. தெருநாய் குரைக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ் வந்துவிடும். போனை எடுத்து அக்காவின் தலைமாட்டிலேயே வைத்துவிடலாமா? எழுந்து அரிசி டப்பாவைத் திறந்தேன். அக்காவைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி. மூடிவிட்டேன்.

நீ போன பிறகு, டியூஷன் முடிந்து வரும்போது நான் அந்தப் படியில் உட்காருகிறேன் அம்மா. ஒன்றும் பண்ணுவதில்லை. பரீட்சையைக்கூட நினைப்பதில்லை. எழுந்து வீட்டுக்கு வந்தால் அக்காவோடு சண்டை போடத் தோன்றாது. நீ வைத்துவிட்டுப் போனதில் அது எனக்கு வந்துவிட்டது. இத்தனை நாள் ரகசியம் என்று நான் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சாயங்காலம் அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்காரவைக்கப் போகிறேன். யாருடைய இடம் என்றும் சொல்லப்போகிறேன். சொல்லாதே என்று நீ சொன்னது தெரியும். கோபித்துக்கொள்ளாதே.

அத்தை வந்தால் பொய் சொல்ல மாட்டேன். அவரிடம் என்னால் பொய் சொல்ல முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்லுவேன்: அத்த, அக்கா தூங்குது. மூச்சு நல்லா வருது. நான் பாத்துகினேதான் இருக்கேன். நீங்க போங்க.

கொலுசுச் சத்தம். வாசலில் நின்றுவிட்டது.

கதவு தட்டுகிறார்கள். "பவானி... போனு இன்னாச்சிடி? பவானி..."

அக்கா அசைகிறாள். அம்மா, நான்