சரக்கு வண்டியில் ஏறிய நண்டு

இன்று 2025, மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. இந்த வயதில் கோபப்படுவது இரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்கிறார் மருத்துவர். ரயில் நிலையத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அவர் பேச்சைக் கேட்டிருப்பேன். தங்கை மகளை வண்டி ஏற்றிவிடப் போனேன். நடைமேடையில் கால் வைத்ததுமே எனாமல் சாயத்தின் நெடி மூக்கில் ஏறியது. ஆயுள் முழுவதும் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவளுக்கு அது கரைப்பான் ஆவியாகும் நெடி. ஆனால் எனக்கு உன் கைதான் நினைவுக்கு வந்தது. மீன் கவிச்சியும் எனாமலும் சேர்ந்த அந்தக் கையோடு நீ என் வீட்டுச் செம்பை வாங்கித் தண்ணீர் குடிப்பாய். நீ படியிறங்கிய பிறகு நான் அதைப் புளி போட்டுத் தேய்ப்பேன். உனக்கும் அது தெரியும். மறுநாள் வேண்டுமென்றே இரண்டு செம்பு குடிப்பாய்.

நிலையத்தின் சுவரில் இப்போது ஓவியம் தீட்டுகிறார்கள். மாமல்லபுரத்துக் கல் ரதங்கள், கலங்கரை விளக்கம், அலை, அவற்றுக்கு முன்னால் ஒரு மீனவப் பெண். சோப்பு விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவள் போலச் சிரிக்கிறாள். இடுப்பில் பிரம்புக் கூடை. உன் இடுப்பில் ஒருநாளும் கூடை இருந்ததில்லை. தலையில் அலுமினிய அன்னக்கூடை, அதன் ஓட்டையில் ஒழுகும் ஐஸ் தண்ணீர், அதனால் எப்போதும் ஈரமான தோள். அவள் கூடையில் இருக்கும் மீன் எந்தக் கடலிலும் இல்லாத மீன். தங்க நிறம்.

சுவரருகே நின்ற மேற்பார்வையாளன், காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்து, "பாட்டி, பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துத் தரேன்" என்றான்.

"இவள் யார்?" என்றேன்.

"மீனவப் பொண்ணு பாட்டி. நம்ம கல்ச்சர்."

"இதே நிலையத்தில் ஒரு மீனவப் பெண் நண்டு வரைந்தாள். அவளை ரயில்வே அதிகாரி நிற்கவைத்துத் துடைக்கச் சொன்னார். அப்போது இந்தக் கல்ச்சர் எங்கே போயிருந்தது?"

அவன் பொறுமையாக விளக்கினான். "அது பர்மிஷன் இல்லாம வரையுறது பாட்டி, கிராஃபிட்டி. இது டெண்டர்."

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் நீ எதையும் படித்ததில்லை. உன் சார்பில் நான் எழுதிய மனுக்களை ரயில்வேயும் படித்ததில்லை. எனவே எனக்குப் புதிதாக ஓர் ஏமாற்றமும் இல்லை.

நீ குப்பத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இந்தச் சிறிய ஊருக்கு வருவாய். தெருவில் சங்கராவையும் நெத்திலியையும் விற்று முடித்ததும், சரக்குக் கொட்டகையில் சிமெண்டு மூட்டை இறக்கும் லோடுமேன்களுக்குச் சோறும் மீன் குழம்பும் விற்பாய். உன் பையன் சிறுவனாக இருந்தபோது விடுமுறை நாட்களில் உன்னோடு வருவான். என் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கிடைத்த கரித்துண்டால் தரையெல்லாம் படகு வரைவான். நான் திட்டுவேன். "அவன் கை சும்மா இருக்காதும்மா, இன்னா பண்றது" என்று நீ பெருமையோடு சலித்துக்கொள்வாய்.

உங்கள் குப்பத்தில் ஒவ்வொரு படகின் மூக்கிலும் ஓர் அடையாளம் இருக்கும். கரையில் காத்திருக்கும் பெண்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் வீட்டு ஆள் திரும்பிவிட்டானா என்று அறிவார்கள். உன் கணவர் புதிய ஃபைபர் படகு எடுத்தபோது தூரிகையைப் பையனிடம் கொடுத்தார். அவன் சிவப்பு நண்டு ஒன்றை வரைந்தான். ஒரு கொடுக்கு முடிந்ததும் சாயம் தீர்ந்துபோனது. மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் மீன்பாடு நன்றாக இருந்தது. மீன் விழுந்த படகின் முகத்தை மாற்றக்கூடாது என்று உன் கணவர் சொல்லிவிட்டார். குப்பமே அதை நொண்டி நண்டு என்று கேலி செய்தது. நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். கணவர் நோயில் போய், படகு கைமாறிய பிறகும் சிரிப்பாய்.

பிறகு சிரிப்பு நின்றது. அதற்குக் காரணம் ரயில்வே அல்ல, நீ. இதை நேருக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். உன் மகன் கருங்குழிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை மணந்துகொண்டான். பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டுப் படிக்கவைத்த பெண். தேவாலயத்துக்குப் போகும் குடும்பம். உங்கள் ஊர்க்கூட்டம் கூடியது. அவனைத் தள்ளிவைப்பதாகச் சொன்னது. அவனைப் பெற்றவள் என்ன சொல்கிறாய் என்று உன்னைக் கேட்டார்கள். நீ எழுந்து நின்று, அவன் முகத்துக்கு முன்னாலேயே, "எனக்குப் புள்ளயே இல்ல" என்றாய். உன் வீட்டுப் பெண்களுக்கு ஊரில் சம்பந்தம் கிடைக்க வேண்டும், நாளை உன் பிணத்தைத் தூக்க ஆள் வேண்டும் என்றெல்லாம் என்னிடம் காரணம் சொன்னாய். காரணங்கள் சரிதான். சொன்ன சொல் சரியில்லை. நான் அதை மன்னிக்கவில்லை. நீ இறந்துவிட்டதால் மன்னிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவன் அந்தப் பெண்ணோடு ரயிலேறிப் போனான். கைபேசி எண்ணை மாற்றிவிட்டான். என் தங்கை மகள் முகநூலில் தேடினாள். அவன் பெயரில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள், எல்லாரும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். வெகுநாள் கழித்துக் குப்பத்துக்காரன் ஒருவன், "அவன் வடக்க எங்கியோ ரயில்வே காண்ட்ராக்ட் வேலைல கீறானாம்" என்று கேள்விப்பட்டதைச் சொன்னான். எந்த ஊர், என்ன வேலை என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே நீ சரக்குப் பெட்டியில் நண்டு வரைந்தாய். சோறு விற்று முடித்துவிட்டு, பட்டப்பகலில், லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குப்பத்தில் யாரோ படகுக்குப் பூசிய சாயத்தின் மிச்சத்தைக் கொண்டு. கைக்கு எட்டும் உயரத்தில், முழம் அகலத்தில், ஒற்றைக் கொடுக்கோடு. செய்தி கேட்டு நான் ஓடிவந்தேன்.

"இது சட்டப்படி குற்றம். தெரியுமா உனக்கு?"

"தெரியும், தெரியும். இந்தப் பொட்டிங்க எங்கெங்க போவும் டீச்சரம்மா?"

"நாடு முழுவதும் போகும்."

"அவன் ரயிலாண்டதானே கீறான்? என்னிக்காச்சும் ஒண்ணு அவன் கண்ணுல படாதா? எழுதினா எவன் எழுதினானோன்னு பூடுவான். நொண்டி நண்டு வேற எவன் வூட்லயும் இல்ல."

லோடுமேன்களின் தலைவர், "எக்கா, அப்பிடியே எம் பேரையும் போட்டுடு, பீகார்ல எவளாச்சும் பாத்து வரட்டும்" என்றார். "உன் மூஞ்சப் பாத்தவளே ஓடிப்பூட்டா, பேரப் பாத்து வரப் போறாளா" என்றாய். அன்று நீ பழையபடி சிரித்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு வந்து நிற்கும் ஒவ்வொரு சரக்கு வண்டியிலும் ஒரு நண்டு ஏறியது. மாதங்கள் போயின. ஒருநாள் நீ என்னை இழுத்துப்போய் ஒரு பெட்டியைக் காட்டினாய். மங்கிய பழுப்பு நிறத்தின் நடுவே புதிய பழுப்பில் ஒரு சதுரம், முழம் அகலத்தில். உன் நண்டு இருந்த இடம். அதற்குப் பிறகு அப்படிச் சதுரங்கள் அவ்வப்போது வரத் தொடங்கின. பெட்டி முழுவதும் துருவேறி, எண் உதிர்ந்து, கதவு தொங்கிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்ய இந்த ரயில்வேக்கு ஆள் இல்லை. ஒரு தாயின் நண்டை மூடுவதற்கு மட்டும் ஆள் இருந்தது, சாயம் இருந்தது, அக்கறையும் இருந்தது. அந்தச் சதுரத்தின் ஓரங்கள் அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தன.

"பூசிகிறான் பாரு, கல்யாண வூட்டுக்குப் பூசற மாதிரி" என்று நீ காறித் துப்பினாய். பிறகு இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாய். "எந்த பேமானி இத மூடினானோ, அவன் கை வெளங்காம போவ. சோத்துல கை வெக்க முடியாம போவ." கடலோரத்துப் பெண்கள் மண் வாரித் தூற்றினால் லோடுமேன்களே விலகிப்போவார்கள். அன்றும் விலகிப்போனார்கள். அதற்குப் பிறகு சதுரம் வரும் போதெல்லாம் மண்ணும் சாபமும்தான்.

நண்டை மூட வேண்டாம் என்று ரயில்வேக்கு நான் மனு எழுதினேன். படித்தவள் செய்யக்கூடிய உருப்படாத காரியம் அது. மனுவின் பலன், அதிகாரிக்கு உன்னை யாரென்று தெரிந்துபோனது. அவர் கொட்டகைக்கு வந்தார்.

"இது பொதுச் சொத்தும்மா. நாசம் பண்றது குற்றம்."

"நா இன்னா சார் கெட்ட வார்த்தையா எழுதிகிறேன்? நண்டு சார்."

"நண்டோ யானையோ, ரயில்வே பெட்டியில இருக்கக் கூடாது."

"அப்ப வெத்தல எச்சி மட்டும் இருக்கலாமா? உன் ஆளுங்க துப்பினதுதானே அது? அதத் தொடச்சிட்டு வரச் சொல்லு, நானும் தொடைக்கிறேன்."

அவர் முகம் சிவந்தது. மண்ணெண்ணெய் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். துடைக்காவிட்டால் இனிக் கொட்டகைக்குள் சோற்றுக் கூடை வரக்கூடாது என்றார். துணி இல்லை. நீ உன் முந்தானையை நனைத்து, அன்று காலை வரைந்த நண்டைத் துடைத்தாய். சாயம் காயாமல் இருந்ததால் அது முழுதும் போகாமல் பெட்டியெங்கும் சிவப்பாக இழுபட்டது. லோடுமேன்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். அந்த மனிதர் ஓய்வு பெற்றுவிட்டார். என் தெருவில்தான் நடைப்பயிற்சி போகிறார். எனக்கு வணக்கம் சொல்கிறார். நான் இன்றுவரை பதில் வணக்கம் சொன்னதில்லை.

மறுவாரமே நீ மீண்டும் வரைந்தாய். இம்முறை கொட்டகைக்கு வெளியே, வண்டி சமிக்ஞைக்காக நிற்கும் இடத்தில். முள்ளுக்குள் நின்று காத்திருந்து வரைந்தாய். முழங்கால் வீங்கியது. காய்ச்சல் வந்தது. குப்பத்தில் படுத்துவிட்டாய்.

அந்த வாரம் நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மதியம் உன் மகன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். கருங்குழியில் மாமனார் இறந்து, அடக்கத்துக்கு வந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. நகக்கண்களில் பழுப்புச் சாயம் ஏறியிருந்தது. வடக்கே சரக்குப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிற்கூடம் ஒன்றில் சாயம் பூசும் ஒப்பந்தத் தொழிலாளி என்றான்.

"அம்மாவ அந்த நண்ட நிறுத்தச் சொல்லுங்க டீச்சரம்மா. ஒண்ணொண்ணா எங்க கூடத்துக்குத்தான் வருது."

"குப்பத்தில்தான் இருக்கிறாள். காய்ச்சலில் கிடக்கிறாள். நீயே போய்ச் சொல்."

"கூட்டத்துல புள்ளயே இல்லன்னாங்க. இல்லாத புள்ளைக்கு இன்னாத்துக்கு நண்டு?"

அவன் கேட்டது நியாயம் என்பதால் எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் வந்தது. கன்னத்தில் அறைந்திருப்பேன், என்னைவிட ஓர் அடி உயரமாக இருந்தான்.

நீ குணமாகி வந்தாய். புதிய சதுரத்தோடு ஒரு பெட்டி வந்து நின்றது. நீ குனிந்து மண்ணை வாரினாய். நான் உன் பக்கத்தில் நின்றிருந்தேன். எந்தக் கையைச் சபிக்கிறாய் என்று அந்த நேரத்தில் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உனக்குத் திட்டுவதற்கு ஒரு ரயில்வே இருந்தது. அதுவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மகனை விட்டுவிட்டு ரயில்வேயை மட்டும் வெறுக்க உனக்கு முடிந்தது. நான் இரண்டையும் சேர்த்து வெறுத்துக்கொண்டு, உன்னோடு சேர்ந்து மனு எழுதினேன். நீ போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவன் எண் கொடுக்காமல் போனதால் நான் செய்தி அனுப்பவும் இல்லை. நண்டு வருவது நின்றதும் அவனுக்கே புரிந்திருக்கும்.

அன்று அவன் படியிறங்கும்போது நான் விடவில்லை. "அத்தனை வெறுப்பு இருந்தால் நீ ஏன் உன் கையால் மூடுகிறாய்? அங்கே வேறு ஆளே இல்லையா?" என்று கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"நெறைய பேர் கீறாங்க டீச்சரம்மா. நண்டு வந்தா என்னத்தான் கூப்பிடணும்னு எல்லாராண்டயும் சொல்லி வெச்சிகிறேன். வேற எவன் பிரஷ்ஷும் அது மேல படக் கூடாது."